எங்க லிமிட்ல வராது

அம்பத்தூர் ஏரி ஈரநிலம் கிடையாது. நான் சொன்னால் அடிக்க வருவீர்கள். சொல்வது ஒன்றிய அரசு. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஈரநிலப் பாதுகாப்பு விதிகளை எடுத்துப் பாருங்கள். ஈரநிலம் என்றால் என்ன என்று விளக்கம் சொல்கிற அதே இடத்தில், எதெல்லாம் ஈரநிலம் ஆகாது என்றும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆற்றின் ஓடுபாதை ஆகாது. நெல்வயல் ஆகாது. குடிநீருக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலை ஆகாது. மீன் வளர்க்க, உப்பு எடுக்க, பொழுதுபோக்க, பாசனம் செய்யக் கட்டியது எதுவும் ஆகாது.

இத்தனையும் கழித்த பிறகு எங்கள் பழைய திருவள்ளூர் மாவட்டத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பழவேற்காடு ஒன்று தேறும். அதுவும் பறவைகள் சரணாலயம் என்பதால் வேறு சட்டத்தின் கணக்கில் போய்விடும். தொண்டை மண்டலத்துக்கு வற்றாத ஆறு எதுவும் வாய்க்கவில்லை. கூவமும் கொசத்தலையும் மழையைப் பார்த்து ஓடுகிறவை. அதனால்தான் இங்கே இருந்தவர்கள் மண்ணைச் சுமந்து கரை போட்டு, ஒரு ஏரியின் உபரி அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலி கோத்து வைத்தார்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு. பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் மனிதன் தேக்கிய தண்ணீர்தான். அவர்கள் செய்த ஒரே தவறு, கை வைக்காமல் சும்மா இருக்காமல் போனது. பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டிருந்தால் இன்றைக்கு அது தேசிய இயற்கைச் செல்வம். உழைத்துக் கரை கட்டிக் கெடுத்துவிட்டார்கள்.

அரசிதழ் வாசிக்கத் தெரியாத நாமக்கோழி இன்னும் அங்கே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கிறது. நீர்க்காகம் இறக்கை விரித்துக் காய வைக்கிறது. முக்குளிப்பான் முக்குளிக்கிறது. விதிப்படி எல்லாம் சட்டவிரோதக் குடியேற்றம்.

வேடந்தாங்கலும் வெட்டிய ஏரிதானே, அதற்கு மட்டும் 2022இல் சர்வதேச ஈரநிலம் என்கிற ராம்சர் பட்டம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். வேடந்தாங்கலுக்குப் பறவைகள் கண்டம் தாண்டி வருகின்றன, அது சரணாலயம், வனத்துறையிடம் இருக்கிறது. எங்கள் ஏரிக்கு வருகிற பறவை உள்ளூர்ப் பறவை. உள்ளூர்க்காரனுக்கு எந்த ஆபீஸில் நாற்காலி போடுகிறார்கள்?

பாசனம் என்கிற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஏரி, ஆகவே பாதுகாப்பு கிடையாது. சரி, எந்தப் பாசனம்? அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை வந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று எங்கள் வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வளர்ந்தோம். ஆயக்கட்டு நிலம் லேத் பட்டறையும் வார்ப்படச் சாலையும் ஆனது, பிறகு மென்பொருள் கட்டடமும் ஆனது. இந்தப் பக்கத்து ஏரி எதற்காவது போய் மதகைப் பாருங்கள். இரண்டு கருங்கல் தூண், நடுவில் மரையுள்ள இரும்புக் கம்பி. திருகித் திறக்கும் சக்கரத்தை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கம்பி துருப்பிடித்துக் கல்லோடு ஒட்டிப்போயிருக்கும். வாயில் தெர்மாகோல், பால் கவர், சாமிப் படத்தின் உடைந்த கண்ணாடி, காய்ந்த மாலை. மதகுக்குக் கீழே வாய்க்கால் பத்தடி ஓடி, கண்ணாடிச் சில்லு பதித்த ஒரு காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நெல் இல்லை, ஜெனரேட்டர் இருக்கிறது. அந்த ஜெனரேட்டருக்குப் பாசனம் செய்வதால்தான் அந்த ஏரி ஈரநிலம் ஆகாமல் போனது.

தில்லிக்கு இது பாசன ஏரி, ஆகவே காக்க வேண்டியதில்லை. உள்ளூர் வருவாய்த் துறைக்குப் பாசனம் இல்லாத ஏரி, ஆகவே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரே ஏரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒருவர் கருத்தை ஒருவர் மறுப்பதும் இல்லை.

ஏரி யாருடையது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், படிப்பு வளரும். கரை நீர்வளத் துறையுடையது. நீரில் மிதக்கும் குப்பை மாநகராட்சியுடையது. அதிலும் அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது, ஆகவே குப்பை எந்த மாநகராட்சியிலிருந்து கிளம்பியது என்று முதலில் முடிவாக வேண்டும். கலக்கும் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. சாக்கடையில் ரசாயனம் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஓரத்தில் முளைத்த வீடு வருவாய்த் துறை. உயிரோடு இருக்கும் மீன் குத்தகைதாரருடையது. செத்து மிதக்கும் மீனுக்கு மட்டும் துறை ஒதுக்க மறந்துவிட்டார்கள்.

எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், எல்லா ஆபீஸிலும் இதே உரையாடல்தான்.

“சார், ஏரியில நுரை வருது.”

“எந்தப் பக்கம்?”

“கலங்கல் பக்கம் சார்.”

“கலங்கலுக்கு மேலயா, கீழயா?”

“ரெண்டு பக்கமும் இருக்கு சார்.”

“மேல இருக்கறது வேற டிவிஷன். கீழ வந்துட்டா அது கால்வாய். நம்ம லிமிட்ல வராது. எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ஃபார்வர்ட் பண்றோம்.”

நுரைக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. கொரட்டூர்க்காரர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். நிலத்தை வளைத்தவன் போகவில்லை, கழிவைத் திறந்துவிட்டவன் போகவில்லை. மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், காலையில் கரையில் நடக்கிறவர்கள், தங்கள் கைக்காசைப் போட்டு, அரசு செய்ய வேண்டிய வேலையை அரசு செய்ய வேண்டும் என்று அரசின் மேலேயே வழக்குப் போட்டார்கள். இந்த ஊரில் இயற்கை மரபைக் காப்பாற்றுகிற தேசிய அமைப்பு எது என்று யாராவது கேட்டால் அந்த வாக்கிங் கோஷ்டியைக் காட்டலாம்.

ஏரிக்கு எந்தத் தேசிய அமைப்புமே வரவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வந்தது. தாம்பரத்திலிருந்து மதுரவாயலுக்கு வரும் பைபாஸ் போரூர் ஏரியின் நடுவே போகிறது, பார்த்திருப்பீர்கள். ஏரி இரண்டாகி, வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று என்று காரின் இரண்டு ஜன்னலுக்கும் சமமாகப் பங்கு கிடைத்திருக்கிறது. எங்க லிமிட்ல வராது என்று இந்த ஆணையம் மட்டும் சொன்னதே இல்லை. தேசத்தில் எந்த ஏரியும் அதன் லிமிட்தான்.

மாநில அரசும் இதில் பின்தங்கவில்லை. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் மனை போட்டு விற்ற இடத்துக்கு ‘முகப்பேர் ஏரி ஸ்கீம்’ என்றே பெயர். கூரியர்க்காரர் அந்த முகவரியைக் கேட்டுத்தான் வருகிறார், ஆதாரில் அதுதான் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறார்கள். கொலை செய்தவன் செத்தவன் பெயரையே கடைக்கு வைத்துக்கொண்ட துணிச்சல் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முகப்பேரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் முழுகின. தண்ணீருக்கு விலாசம் விசாரிக்கிற சிரமமே இல்லை. போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

சரி, இயற்கை மரபாகக் காக்க முடியாவிட்டால் பண்பாட்டு மரபாகக் காக்கலாமே என்று ஒரு யோசனை வரும். மனிதன் கட்டியது என்பதுதானே அங்கே குற்றம்? மனிதன் கட்டியதைக் காப்பதற்கென்றே 1861 முதல் இந்தியத் தொல்லியல் துறை இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கட்டுமானம் 100 ஆண்டு பழமையானதாக இருந்தால் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவிக்கலாம். ஏரிக்கரை கட்டுமானம்தான், மதகு கருங்கல்தான், வயதில் குறை சொல்ல முடியாது. நீல நிறப் பலகை ஒன்று வந்து நிற்கும். சேதப்படுத்தினால் முன்பு மூன்று மாதச் சிறையும் 5,000 ரூபாயுமாக இருந்த தண்டனை, 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டும் ஒரு லட்சமும் ஆகியிருக்கிறது. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் மனு எழுத உட்காரும் முன், ஏற்கெனவே பலகை வாங்கியவர்களின் கதி என்ன என்று பார்ப்பது நல்லது.

2013இல் சிஏஜி தணிக்கை செய்தபோது, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களில் 92ஐக் காணவில்லை. திருடு போகக்கூடிய ஐம்பொன் சிலை இல்லை, கட்டடம், கல்லறை, தூண். துறை மறுபடி தேடி 42ஐக் கண்டுபிடித்தது. மீதி 50 பற்றி 2022 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு அறிக்கை கொடுத்தது. 14 நகரமயத்தில் போயின, 12 அணைகளின் நீரில் மூழ்கின, 24 எங்கே போயின என்றே தெரியவில்லை. வடக்கே நீர்த்தேக்கம் சின்னங்களை விழுங்கியது, எங்கள் பக்கம் கட்டடம் நீர்த்தேக்கத்தை விழுங்கியது. தேசிய அளவில் கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியடையலாம். கிணற்றைக் காணவில்லை என்று வடிவேலு போலீஸில் புகார் கொடுத்த காட்சிக்கு நாடே சிரித்தது. அவர் கையில் கிணறு வெட்டிய ரசீதாவது இருந்தது. இங்கே காப்பதற்கு 3,693 சின்னங்கள், அவற்றில் காவலாளி நிற்பது 248 இடங்களில் என்று அதே குழுதான் எழுதியது.

தேடிக் கிடைக்காதவற்றுக்கு என்ன செய்தார்கள்? 2024 மார்ச்சில் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். அரியானாவில் முஜேசர் என்ற ஊரில் இருந்த முகலாயர் காலத்து மைல்தூண் ஒன்று, ஜான்சியில் கன்னர் பர்கில் என்ற பீரங்கிப்படை வீரனின் கல்லறை, தில்லியிலேயே பாராகம்பா கல்லறைத் தோட்டம். தில்லியில் தலைமையகம் வைத்திருக்கும் துறை, தில்லியில் இருந்ததைத் தொலைத்திருக்கிறது. நீக்குவதற்குச் சட்டத்தில் 35ஆம் பிரிவு உண்டு. அந்தச் சின்னம் தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டது என்று அறிவித்தால் போதும். காணாமல் போனது துறையின் பொறுப்பு இல்லை, முக்கியத்துவத்தை இழந்தது சின்னத்தின் நடத்தைக் குறைவு. ஒருவேளை ஏரிகளுக்கும் இப்படித்தான் ஆனதோ என்னவோ. முதலில் ஆயக்கட்டை இழந்தன, பிறகு முக்கியத்துவத்தை இழந்தன, பட்டா மட்டும் யாரோ பெற்றுக்கொண்டார்கள்.

காக்கவே தெரியாத துறை என்று சொல்லிவிட முடியாது. யாரைக் காக்க வேண்டும், யாரிடமிருந்து காக்க வேண்டும் என்பதில் தெளிவாக இருக்கிறது. 2010 திருத்தப்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இதைக் கவனிக்கத் தேசிய நினைவுச்சின்ன ஆணையம். ஜமீன் பல்லாவரத்துக்காரர்களைக் கேளுங்கள். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அதிகாரி பல்லாவரத்தில் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார், இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கேதான் பிறந்தது. ஊருக்குப் பெருமைதான். பெருமையோடு பெருங்கற்காலப் புதைமேடும் இருப்பதால், ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடவோ மகளுக்கு மாடியில் ஓர் அறை எடுக்கவோ அங்கே சாதாரண மனிதன் படாத பாடு படுகிறான். கழிப்பறை கட்ட அனுமதி கேட்டு ஒருவன் அலையும் அதே நாட்டில், 2018 ஜனவரியில், தடைப் பகுதிக்குள் ஒன்றிய அரசின் பொதுத் திட்டங்களுக்கு விலக்குக் கொடுக்கும் திருத்த மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை தேர்வுக் குழுவுக்கு அனுப்பி வைத்ததால் தப்பித்தோம். கழிப்பறை வந்தால் மரபுக்கு ஆபத்து, மேம்பாலம் போனால் மரபுக்கு நிழல். அதே 2018இல் செங்கோட்டையையே ஒரு சிமெண்ட் குழுமத்துக்கு ஐந்து ஆண்டு, 25 கோடி ரூபாய் என்று தத்துக் கொடுத்தார்கள். காப்பவன் கையில் சிமெண்ட் இருக்க வேண்டும் என்பது எத்தனை தொலைநோக்கு.

கீழடியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணனை 2017இல் அஸ்ஸாமுக்கு அனுப்பினார்கள். அவர் 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து, 2025 மே மாதம் திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். காலக்கணிப்பு போதாதாம். அவர் மறுத்தார், ஜூனில் மறுபடி இடமாற்றம். காணாமல் போன 24ஐத் தேட ஆள் இல்லாத துறைக்கு, கிடைத்த ஒன்றின் வயதைக் குறைக்க மட்டும் ஆள் இருந்தது.

வயது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆவடியும் பூந்தமல்லியும் எந்த மாவட்டத்தில் இருக்கின்றனவோ அதே மாவட்டத்தில்தான், கொசத்தலை ஆற்றுப் பக்கம், அத்திரம்பாக்கம் இருக்கிறது. ஃபூட் 1863 செப்டம்பரில் அங்கே போனார். பிறகு சாந்தி பப்பு குழுவினர் ஆண்டுக்கணக்காகத் தோண்டினார்கள். கைக்கோடரிகளின் வயது 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் சயின்ஸ் இதழில் வந்தது. அடுத்த கட்டத் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் நேச்சரில் வந்தது. உலகம் முழுக்கப் பாடத்தை மாற்றி எழுத வைத்த ஊர். ஆவடி டிப்போவில் பஸ்ஸுக்கு நிற்கும் எத்தனை பேருக்கு அந்த ஊர்ப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா போவது தீம் பார்க்குக்கு. பூண்டியில் 1985 முதல் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது, நீர்த்தேக்கம் பார்க்க வருகிறவர்கள் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு அதைக் கடந்து போகிறார்கள்.

மேலே நான் தில்லியைத் திட்டியபோதெல்லாம் கைதட்டிய மாநிலப் பற்றாளர்கள் கொஞ்சம் உட்காருங்கள். தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தை 2012இல் நிறைவேற்றிவிட்டு, அமலுக்குக் கொண்டுவர 2024 வரை இரண்டு கட்சியும் மாறி மாறி எடுத்துக்கொண்டன. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இலேயே சட்டம் போட்ட மாநிலம் இது. போட்ட சட்டம் போட்டபடி இருக்க, 2023 ஏப்ரலில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று இன்னொன்று வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் வைத்திருப்பவர், நடுவே நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ உள்ள அரசு நிலம் இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், சேர்த்துக் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். வாய்க்கால் ஓரம் பத்துக்குப் பத்தில் தகரம் போட்டுக் குடியிருப்பவன் ஆக்கிரமிப்பாளன், அவன் வீட்டுக்குப் பொக்லைன் வரும். நூறு ஹெக்டேர் கேட்பவன் முதலீட்டாளன், அவன் வீட்டுக்கு அமைச்சர் வருவார்.

கீழடி எங்கள் தாய்மடி என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களே ஏரிக்கரையில் செல்ஃபி பாயிண்ட் திறக்க வருகிறார்கள். ஏரியைப் புனரமைப்பது என்றால் இப்போது ஒரே அர்த்தம்தான்: சுற்றிலும் டைல்ஸ், நடுவில் தீவு, எல்.ஈ.டி. விளக்கு, சிமெண்ட் கொக்கு. பருத்திப்பட்டில் பசுமைப் பூங்கா வந்தது, படகு வந்தது, நடைபாதை வந்தது. நிற்காதது ஒன்றே ஒன்று, சாக்கடை. நடைபாதையில் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தாயிரம் அடி நடந்து நலம் பெறுகிறோம்.

கோயில்கள் மட்டும் தப்பித்தனவா? திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் தொண்டைமான் கதையோடு நிற்கிறது, சோழர் கல்வெட்டுகள் உண்டு, கருவறை யானையின் முதுகு போல வளைந்த தூங்கானை மாடம். மத்தியத் தொல்லியல் துறை கையில் இல்லை, அறநிலையத் துறையிடம் இருக்கிறது. அந்தக் கோயிலில் நந்தி சாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்காது, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். மன்னனுக்குப் போரில் துணை போகத் திரும்பியது என்பது தல புராணம். எங்கள் பக்கத்துக்கு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கும் ஒரே பொறுப்பான ஜீவன் என்பது என் புராணம். கல் இங்கே இருக்க, தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளின் படிகளில் பல்லாயிரம் மைசூரில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவாருங்கள் என்று 2021இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. தன் வீட்டுப் பத்திரத்தை அடுத்த ஊர் லாக்கரிலிருந்து எடுக்கக் கோர்ட்டுக்குப் போன குடும்பம் நாம்.

இங்கிலாந்தில் 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிரபுக்களின் மாளிகைகளைத் துடைத்துப் பளபளக்க வைக்கும் கோஷ்டி என்று அங்கேயே கேலி உண்டு, நான் பஜனை பாட வரவில்லை. ஆனால் 1907இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. டிரஸ்ட் ஒரு நிலத்தைக் கைமாற்றக் கூடாதது என்று அறிவித்துவிட்டால் அதை டிரஸ்டாலேயே விற்க முடியாது, அரசு எடுக்க நினைத்தாலும் டிரஸ்ட் எதிர்த்தால் நாடாளுமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நம் ஊரில் ‘வகைமாற்றம்’ என்று ஒரு காரியம் இருக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கு காலையில் தாசில்தார் ஆபீஸுக்குள் போகும், மாலையில் வேறு பெயரோடு வெளியே வரும்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. ஏரி தொடர்பான ஒரு விஷயத்தை மட்டும் தொல்லியல் துறை நன்றாகவே காப்பாற்றி வைத்திருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், குடவோலை முறையை விவரித்து வெட்டிய கல்வெட்டு சுவரில் இருக்கிறது. வேலி போட்டிருக்கிறார்கள், நீலப் பலகை இருக்கிறது. புதிய நாடாளுமன்றத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமரே அதைப் புகழ்ந்து பேசினார். அது பிராமணர் சபை, நிலமும் வேதமும் இல்லாதவனுக்கு அங்கே ஓலை கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். முப்பது குடும்பு, அதாவது வார்டு, அதில் தேர்ந்தெடுத்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம், ஓராண்டுப் பதவி. அவர்கள் வேலை ஏரியைப் பார்த்துக்கொள்வது. ஏரியைப் பார்த்துக்கொண்ட கமிட்டியைப் பற்றிய கல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது. ஏரி கிடையாது.

அந்தக் கல்லில் தகுதியின்மைகளும் வரிசையாக இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டும் இல்லை, அவன் அப்பன், மகன், மருமகன், மாமன், மாமனார், மச்சான், சகலை, அத்தை மகன், சித்தி மகன், பெரியம்மா மகன் யார் பெயரும் குடத்தில் விழக் கூடாது. பிறர் பொருளை அபகரித்தவனும் அப்படியே. வேதத் தகுதியையும் நிலத் தகுதியையும் தூக்கிக் கடாசிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் அடுத்த தேர்தலில் அமல்படுத்தலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, மதுரவாயல், நான்கு தொகுதி போதும். ஏரியில் கை வைத்துக் கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களின் சகலை வரைக்கும் கழித்துக்கொண்டே வந்தால், வேட்புமனு வாங்க உட்கார்ந்திருக்கும் அதிகாரி கடைசி நாள் மூன்று மணிக்கு மின்விசிறியை அணைத்துவிட்டுக் கிளம்பலாம். அவர் குடியிருக்கும் மனை எந்த ஸ்கீமில் இருக்கிறது என்று யாரும் கேட்காமல் இருந்தால்.